தேசிக்காய் உருளவில்லை

சித்தப்பாவை வீட்டுக்குள் படுக்கவைக்காமல் பின்வளவில் நின்ற கரவன் வண்டிக்குள் படுக்கவைத்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும்தான். இன்றைக்கு அதை எப்படியெல்லாமோ மெழுகிச் சொல்கிறார்கள். அவருக்குத் தனிமை தேவைப்பட்டதாம். வீட்டில் இடம் போதாதாம். மெரிலேண்ட்ஸில் நாங்கள் இருந்த வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அப்பாவும் அம்மாவும், மற்றதில் நான். என் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் அம்மாவோடு படுத்திருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பா கரவனுக்குள் இருந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கரவன் அப்பாவின் ஆசை. காரின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு அவுஸ்திரேலியாவைச் சுற்றப் போவதாகச் சொல்லி, பழைய கரவன் ஒன்றைப் பென்ரித்தில் ஒருவரிடம் வாங்கினார். எங்கள் காருக்கு அதை இழுக்கும் பலம் இல்லை என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. சிநேகிதர் ஒருவருடைய பெரிய வாகனத்தைக் கேட்டு வாங்கி, நேராக மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்கு இழுத்துப்போனார். சனிக்கிழமைக் கூட்டத்தில் கார் நிறுத்தவே இடமில்லை. கரவன் இரண்டு வரிசையை மறித்துக்கொண்டு நின்றது. ஐயர் தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி, வழக்கப்படி நாலு தேசிக்காயைக் கொடுத்துச் சில்லுகளுக்குக் கீழே வைக்கச் சொன்னார். கரவனுக்கு இரண்டு சில்லுகள்தான் என்பதை அவர் கவனிக்கவில்லை. இரண்டு தேசிக்காய் நசுங்கின. மிச்சம் இரண்டையும் நான் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கோவிலிலிருந்து வீட்டுக்கு வந்ததுதான் அந்தக் கரவனின் கடைசிப் பயணம்.

அடுத்த மாதம் சித்தப்பா வந்தார். படகில் வந்து, முகாம்களில் கிடந்து, ஒருவழியாக வெளியே விடப்பட்டு வந்தவர். அவரிடம் அரசாங்கம் கொடுத்த ஒரு கடிதம் இருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. மனைவியையும் மகளையும் கூப்பிட அனுமதி இல்லை. அவர்களைப் பார்க்கப் போனால் திரும்பி வர அனுமதி இல்லை. இருக்கலாம். அவ்வளவுதான். முப்பத்தைந்து வயது மனிதன் ஒருவனைச் சும்மா இருக்கச் சொல்லி எழுதிய கடிதம் அது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வருகிறது.

அவர் புறப்பட்டபோது மகளுக்கு இரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் தாயோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு வீடியோவில் பேசுவார்கள். அவர் எங்களிடம் வந்த சில நாட்களில் அவளுக்கு ஆறாவது பிறந்தநாள் வந்தது. அங்கே ஒரு கேக், இங்கே ஒரு கேக். சித்தப்பா சூப்பர்மார்க்கெட்டில் வெள்ளை ஐசிங் போட்ட சதுரக் கேக் ஒன்று வாங்கினார். அதன் ஒரு மூலையில் இளஞ்சிவப்பில் ஒரு ரோசாப்பூ. போனைக் கரவனின் சின்ன மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, அவள் அங்கே வெட்டும்போது இவர் இங்கே வெட்டினார்.

"அப்பா, அந்தப் பூவை வெட்டாதேங்கோ" என்று அவள் கத்தினாள்.

"ஏன் குஞ்சு?"

"அது எனக்கு. நான் வரேக்க தாங்கோ."

"ஓம் குஞ்சு. வைக்கிறன்."

"பழுதாப் போகும்."

"போகாது. பிரிட்ஜுக்குள்ள வைப்பன்."

நான் பக்கத்தில் இருந்து என் பங்கைத் தின்றுகொண்டிருந்தேன். அவள் எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு வருவாள் என்று நினைத்திருப்பேன்.

சித்தப்பா பூ இருந்த துண்டைப் பெட்டியில் வைத்துக் குசினிக்குக் கொண்டுவந்தார். அம்மா பிரிட்ஜின் முன்னால் வந்து நின்றாள். அம்மா சுத்த சைவம். அந்தப் பிரிட்ஜுக்குள்தான் கோவில் அபிஷேகத்துக்குக் கொண்டுபோகும் பால் இருக்கும்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. முட்டை போட்டதெல்லே."

"ஐயோ, பரவாயில்லை அண்ணி. கரவனுக்குள்ளயும் ஒண்டு இருக்குத்தானே."

கரவனுக்குள் ஒன்று இருந்தது உண்மை. இடுப்பளவு உயரம், பழுப்புக் கதவு, உள்ளே மேலே கையகல ஐஸ் பெட்டி. மின்சாரத்திலும் வேலை செய்யும், காஸிலும் வேலை செய்யும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்து வயர் இழுத்துப் போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்பக்கம் சுட்டது. உள்ளே மட்டும் குளிரவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பிரிட்ஜ்தான் சித்தப்பாவின் வேலை. வேறு வேலை செய்யத்தான் அனுமதி இல்லையே. கேக்துண்டை எஸ்கி என்கிற குளிர்காப்புப் பெட்டி ஒன்றுக்குள் ஐஸ் போட்டு வைத்தார். காலையில் ஒரு பை ஐஸ், பின்னேரம் ஒரு பை ஐஸ். பெற்றோல் ஸ்டேஷனுக்கு நடந்து போய் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வருவார். சட்டையின் ஒரு பக்கம் நனைந்திருக்கும். நடுவில் கதவைத் திறந்து, காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொடுவது போலப் பிரிட்ஜின் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் தொடுவார்.

அப்பா வேலையால் வந்ததும் தானும் போய்க் குனிந்து பார்ப்பார். மின்சாரம் போதாது என்று காஸில் போட்டார்கள். காஸ் போதாது என்று வேறு சிலிண்டர் வாங்கினார்கள். வெயில் என்று யன்னலுக்குப் பழைய சேலை கட்டினார்கள். பின்பக்கத்துக்கு ஒரு சின்ன ஃபான் வைத்தார்கள். சோதித்துப் பார்க்க அம்மா ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தாள். பின்னேரம் அது வாயில் வைக்க முடியாத புளிப்பு.

"நல்லது" என்றாள் அம்மா. "இனி தோசைமாவை உதுக்குள்ள வைக்கலாம். நல்லாப் பொங்கும்."

சித்தப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு ஐஸ் வாங்கப் போனார்.

இப்படி இரண்டு கிழமை. ஒரு சனிக்கிழமை அப்பாவும் சித்தப்பாவும் கரவனின் பின்தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆளை ஆள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இருபது வருடம் கரவன் இழுத்துத் திரிந்த மனிதர். கேட்காமலே உள்ளே வந்தார். கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைக் கரவனின் தரையில் படுக்கவைத்தார். அது உருண்டு போய் முன்சுவரில் முட்டியது.

இந்தவகைப் பிரிட்ஜுக்குள் மோட்டார் இல்லை என்றார் அவர். உள்ளே இருக்கிற திரவம் தன்பாட்டில் வழிந்து ஓட வேண்டும், கரவன் சரிந்து நின்றால் அது ஓடாது, எத்தனை சிலிண்டர் மாற்றினாலும் குளிராது. பிறகு கரவனையும் வளவின் சரிவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதோ அங்கே சமமான இடம் இருக்கும்போது இதை ஏன் பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குசினிக்குள் போய்விட்டாள்.

காரணம் இதுதான். கரவனுக்குள் கட்டில் பொருத்தப்பட்டது, திருப்ப முடியாது. சமமான இடத்தில் நிறுத்தினால் படுக்கிறவரின் தலை வடக்கே வரும். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்று, தலை கிழக்கே வரும்படி கரவனைத் திருப்புவித்திருந்தாள். வீட்டுக்குள் இடம் கொடுக்காத அம்மா, வெளியே படுக்கிறவரின் ஆயுளில் மட்டும் அவ்வளவு கவனமாக இருந்தாள். இதை அந்தக் கிழவருக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த அப்பாவால் முடியவில்லை. "மை வைஃப்" என்று தொடங்கி அங்கேயே நிறுத்திவிட்டார்.

கரவனின் முன்பக்கத்தில், நிறுத்தும்போது தாங்குவதற்கு ஒரு சின்னச் சில்லும், அதை உயர்த்தித் தாழ்த்தச் சுற்றுகிற ஒரு கைபிடியும் இருந்தன. சில்லின் கீழே மரக்கட்டை வைத்துக் கைபிடியைச் சுற்றியதும் முன்பக்கம் மெல்ல எழும்பியது. கிழவர் போகும்போது இன்னொன்றும் சொன்னார். ஒரு முழுநாள் விடுங்கள். தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். கதவைத் திறந்தால் குளிர் போய்விடும்.

அடுத்த நாள் காலையில் சித்தப்பா கதவைத் திறந்து ஐஸ் பெட்டிக்குள் விரலை வைத்தார். விரல் ஒட்டியது. "மகள், இங்க வா, இங்க வா" என்று கத்தினார். நானும் விரலை வைத்தேன். என் விரலும் ஒட்டியது. அவர் என்னைத் தூக்கிச் சுற்றியதில் என் கால் மேசையில் அடிபட்டது. நான் அழவில்லை. எஸ்கிக்குள் இருந்த கேக்துண்டை அன்றைக்கே அந்த ஐஸ் பெட்டிக்குள் மாற்றினார்.

அவர் என்னை மகள் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஆட்களில் எல்லோரும் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. என்னை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கரவன் நின்றது புல்லுத்தரை. மழை பெய்தால் மரக்கட்டை தாழ்ந்துவிடும். அதனால் தினமும் மட்டம் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் சித்தப்பா எனக்குத் தந்தார். கோவிலில் மிஞ்சிய தேசிக்காயில் ஒன்று காய்ந்து மரக்கட்டை போல் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் அதைப் பிரிட்ஜுக்கு மேலே, வெளியில், நடுவில் வைத்துக் கையை எடுப்பேன். சித்தப்பா வெளியே கைபிடியோடு நிற்பார்.

"என்ன மகள்?"

"உருளேல்லை, சித்தப்பா."

"நல்லது."

பிரிட்ஜின் கதவை ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பார். ஐந்து மணிக்குப் போன் வரும். அவள் முதலில் கேட்பது, "கேக் இருக்கோ அப்பா?" அவர் திறந்து காட்டுவார். பூவில் உறைபனி படிந்திருக்கும். அவள் போனுக்கு முகத்தை ஒட்டிவைத்துப் பார்ப்பாள். "சரி, பூட்டுங்கோ. குளிர் போயிடும்" என்பாள். பிறகுதான் மற்றக் கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறைக் காலம், நான் கட்டிலில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தேன். போனுக்குள் என் தலை தெரிந்திருக்க வேண்டும்.

"அது ஆரப்பா?"

"அதோ? அது பெரியப்பாவின்ர பிள்ளை."

"அவ ஏன் எப்பவும் அங்கயே இருக்கிறா?"

"சும்மா விளையாட வாறவ."

நான் பென்சிலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பெரியப்பாவின்ர பிள்ளை. சும்மா விளையாட வருகிறவள். தினமும் மட்டம் பார்ப்பது நான். விரல் ஒட்டியது எனக்கு. அவள் என்ன செய்தாள்? ஒரு பூவைக் கேட்டாள், அவ்வளவுதான். ஐந்து நாள் அதை நினைத்து நினைத்துப் பொருமினேன். வெள்ளிக்கிழமை சித்தப்பா ஆங்கில வகுப்புக்குப் போயிருந்தபோது கரவனின் முன்னால் போய் அந்தக் கைபிடியைச் சுற்றினேன். ஏழு சுற்று. பாரத்தோடு இறங்குவதால் சுலபமாகச் சுற்றியது. முன்பக்கம் தாழ்ந்தது. பார்த்தால் தெரியாத அளவு.

பின்னேரம் சித்தப்பா வெளியே நின்று கேட்டார். "என்ன மகள்?"

தேசிக்காய் உருண்டு சுவரில் முட்டி நின்றது. நான் அதைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "உருளேல்லை, சித்தப்பா."

சனிக்கிழமையும் அதே பதில். அந்த இரண்டு நாளும் நாற்பது பாகையைத் தாண்டிய வெயில். இரவில் சரிவில் படுத்தும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. படகில் படுத்தவருக்கு இந்தச் சரிவு எங்கே தெரியப் போகிறது?

ஞாயிறு நாலு மணிக்கு, போன் வருவதற்கு முன் எல்லாம் சரியா என்று பார்க்கக் கதவைத் திறந்தார். நான் வாசலில் நின்றேன். கேக் பெட்டியின் அடி நனைந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் கீழே சொட்டியது. பூ இல்லை. பூ இருந்த இடத்தில் ஒரு சேறு. புளித்த மணம். சித்தப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது.

அம்மா உடுப்புக் காயப்போட வந்தவள் அதைக் கண்டாள். கூடையைப் புல்லில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"தம்பி, வேற ஒண்டு வாங்கி என்ர பிரிட்ஜுக்குள்ள வையுங்கோ. மேல்தட்டு காலியாக்கிப் போட்டன்."

"முட்டை, அண்ணி."

"முட்டைதானே. இருக்கட்டும்."

சித்தப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவளுக்கு இந்தப் பிரிட்ஜைத்தான் தெரியும், அண்ணி."

அவர் சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடினார். ஓடினார் என்றால் உண்மையிலேயே ஓடினார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வேர்த்து வழிந்து வந்து சேர்ந்தார். அதே வெள்ளைக் கேக், அதே சதுரம். ஆனால் பூ மஞ்சள். இளஞ்சிவப்பு முடிந்துவிட்டதாம். மூலையை வெட்டி, பழைய பெட்டியைக் கழுவித் துடைத்து அதற்குள் வைத்தார். யன்னலில் கட்டியிருந்த சேலையை இன்னும் இழுத்து மூடி உள்ளே இருட்டாக்கினார். கரவனுக்குள் அடுப்பு மாதிரி வெக்கை. போன் வந்தது.

"கேக் இருக்கோ அப்பா?"

"இருக்குது குஞ்சு." திறந்து காட்டினார். கை நடுங்கியது. போனைச் சட்டென்று திருப்பினார்.

"இன்னொருக்கா காட்டுங்கோ."

காட்டினார்.

 போன் அறுந்துவிட்டது என்று நினைத்து நான் எட்டிப் பார்த்தேன். அறுபடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கேக்கை அல்ல, அவருடைய முகத்தை.

"வடிவா இருக்கு, அப்பா" என்றாள். "பூட்டுங்கோ. குளிர் போயிடும்."

மொக்கு, ஏமாந்துபோனாள் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் என் அறை யன்னலால் பார்த்தேன். சித்தப்பா கரவனின் முன்னால் குந்தியிருந்து அந்தக் கைபிடியைப் பார்த்தார். பிறகு சுற்றினார். நான் எண்ணினேன். ஏழு. பின்னேரம் வழக்கம்போல் என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் தேசிக்காயை என் கையில் தந்துவிட்டு வெளியே போய் நின்றார்.

வைத்தேன். அது அசையாமல் நின்றது.

"என்ன மகள்?"

"உருளேல்லை, சித்தப்பா."

"நீ சொன்னால் சரி" என்றார்.

அடித்திருக்கலாம். அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் கேக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. அடுத்த ஞாயிறு கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பள்ளிக்கூடம், பூனைக்குட்டி, விழுந்த பல், எல்லாவற்றையும் சொன்னாள். கேக்கை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டாள், சின்னப்பிள்ளைதானே என்று நினைத்தேன். நான் வென்றுவிட்டதாகவும் நினைத்தேன்.

சித்தப்பா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் போனோடு பிரிட்ஜின் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு இருப்பார். ஒரு கை கதவின் பிடியில் இருக்கும். அவருக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்து, வேறு இடத்தில் அறை எடுத்துப் போன பிறகும் ஞாயிறு பின்னேரம் எங்கள் வளவுக்கு வந்து கரவனுக்குள் இருந்துதான் பேசுவார். இப்போதும் வருகிறார். மனைவியையும் மகளையும் கூப்பிடும் அனுமதி மட்டும் இன்னும் வரவில்லை. பிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது. நான் இன்னும் மட்டம் பார்க்கிறேன்.

போன வருடம் அவள் என்னோடு தனியாகப் பேசினாள். வளர்ந்துவிட்டாள், பல்கலைக்கழகத்துக்குப் படிக்கிறாள். சும்மா கதைத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். "அக்கா, அந்த மஞ்சள் பூ இன்னும் இருக்கோ?"

 "உமக்குத் தெரியுமோ?" என்றேன்.

"அண்டைக்கே தெரியும். கேட்டால் அப்பா திரும்பவும் காட்ட வேணுமெல்லே. அவற்ற கை நடுங்கினது. அதுதான் கேட்கிறதை விட்டனான்."

கைபிடியைச் சுற்றியது நான் என்று அவளிடம் சொன்னேன்.  "நீங்களும் சின்னப்பிள்ளைதானே அக்கா" என்றாள்.

அவள் கேட்பாள் என்று அவர் கதவைப் பிடித்தபடி இருந்தார். அவர் நடுங்கக் கூடாது என்று அவள் கேட்காமல் இருந்தாள். அவளுக்கு ஆறு வயது. எனக்கு ஒன்பது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் தேசிக்காயை வைத்துக்கொண்டு, உருளவில்லை, உருளவில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.